வான்கோழி மறைத்த அரைமணி நேரம்

லண்டனில் தாங்ஸ்கிவிங் கிடையாது. நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை இங்கே வெறும் வியாழக்கிழமைதான். பஸ் பிந்தும், மழை தூறும், கவுன்சில் குப்பை லொறி வரவேண்டிய நேரத்தில் வராது. ஆனால் வெம்பிளியில் எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்கு ஒரு சடங்கு உண்டு. பின்னேரம் ஐந்து மணிக்கு நியூஜேர்சியிலிருந்து சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கையின் கணவர், அம்மாவுக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரிப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, அந்தக் கசெட் விசயம்... நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்பார். "அதை விடுங்கோ தம்பி" என்று அம்மா சொல்லுவார். அம்மா இன்னும் விடவில்லை என்பது அந்தக் குரலிலேயே அமெரிக்கா வரைக்கும் கேட்கும்.

முப்பது வருஷமாக இது நடக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால், சின்னப்பிள்ளைகளுக்கான தாங்ஸ்கிவிங் கார்ட்டூன் ஒன்றை என்னுடைய சாமத்திய வீட்டு வீடியோவின் மேல் சித்தப்பா பதிந்துவிட்டார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. அதை அம்மா நம்பினார், சின்னம்மா நம்பினார். பாவம், சித்தப்பாவே நம்பினார். பதிந்தது நான்.

சின்ன வயசுக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வீடியோவில் அப்பா ஓரிடத்தில் கதைத்திருந்தார். அப்பா கமெராவைக் கண்டால் கடன்காரனைக் கண்டதுபோல மறையும் மனிதர். எங்கள் அல்பங்களில் அவர் ஒரு முழங்கை, ஒரு முதுகு, கதவோரத்தில் ஒரு செருப்பு. அவருடைய குரல் பதிந்த பொருள் இந்த உலகத்தில் அந்தக் கசெட் ஒன்றுதான். நான் எதை அழித்தேன், எதை விட்டுவைத்தேன் என்பது எனக்கே தெரியாது.

சாமத்திய வீடு தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு பெண்பிள்ளையின் உடம்புக்குள் நடந்த ஒரு விஷயத்தை, அவள் எவரிடமும் சொல்லவேண்டாம் என்று அழுதுகொண்டிருக்கும்போது, ஒரு மண்டபம் எடுத்து, மேளம் பிடித்து, முந்நூறு பேருக்குச் சோறு போட்டு அறிவிக்கும் விழா அது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காலையில் எங்கள் வீட்டுப் பின்வளவில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பிளாஸ்டிக் தொட்டிக்குள் என்னை இருத்தி மாமா பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்தார். நடுக்கத்தில் என் பற்கள் அடித்த சத்தம்கூட வீடியோவில் கேட்கும். வீடியோக்கார அண்ணை பக்கத்தில் நின்று, "தங்கச்சி, கொஞ்சம் வெட்கப்படுங்கோ" என்றார். எனக்கு வந்தது வெட்கமில்லை, கோபம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் விழுந்திருந்தது.

இவ்வளவும் போதாதென்று, படத்தின் தொடக்கத்தில் ஒரு ரோஜாப்பூ விரியும். அதற்குள்ளிருந்து என் முகம் வரும். அதைச் சுற்றி இதயங்கள் பறக்கும். வீடியோக்கார அண்ணையின் கலை வளர்ச்சிக்கு நான் ஒரு படிக்கல்.

அப்பாவுக்கு அந்த விழாவில் ஒரு பங்கும் கிடையாது. எங்கள் வழக்கத்தில் அன்றைக்கு நாயகன் தாய்மாமன்தான். அப்பா கதிரை அடுக்கினார், வாளி தூக்கினார், ஆட்களை வாசலில் கண்டு கும்பிட்டார். பெற்றோல் ஸ்டேஷனில் முதல்நாள் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, நித்திரையில்லாத கண்ணோடு நாள் முழுக்க நின்றார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. உலகமே என்னைப் பார்க்கிறது என்ற ஆத்திரத்தில், நான் பார்க்கவேண்டியவர்களை நான் பார்க்கவில்லை.

மூன்று மணிநேர வீடியோ இரண்டு பிரதிகள் ஆனது. ஒன்று எங்களுக்கு. மற்றது அமெரிக்கா சிஸ்டத்துக்கு மாற்றப்பட்டு நியூஜேர்சியில் சின்னம்மாவுக்குப் போனது. அந்த விழாவுக்குச் சின்னம்மாவால் வர முடியவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த வருஷம் சின்னம்மாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பத்தியம் பார்க்க அம்மா போனார். என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா ஷிப்டோடு லண்டனில் நின்றுவிட்டார். ஐந்து கிழமை நியூஜேர்சியில் என் வேலை, குழந்தையின் நாலு வயது அக்காவை மேய்ப்பது. அவளோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் தானாகவே மேயும் பிள்ளை. அப்படித்தான் எனக்கு அமெரிக்காவின் தாங்ஸ்கிவிங் கார்ட்டூன்கள் அறிமுகமாகின.

நவம்பர் வந்தால் அந்த நாட்டில் ஒவ்வொரு சனலும் பழைய கார்ட்டூன்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசு தட்டும். அந்த நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாமாரும் அதே கார்ட்டூனைத்தான் பார்த்தார்களாம். நிறம் மங்கி, பாட்டு இழுபட்டு, இரண்டு பேர் கதைக்கும்போது மூன்றாவது ஆள் கண் சிமிட்டாமல் நிற்பான். ஆனால் மிகவும் அன்பான கார்ட்டூன்கள். எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். கொஞ்சப் பேர் சொந்த நாட்டில் இருக்க ஏலாமல் கப்பலேறி வருவார்கள். தொப்பியில், இடுப்புப் பெல்ட்டில் வருவது போல, பெரிய பக்கிள் போட்டிருப்பார்கள். குளிர், பசி. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் சோளமும் பூசணிக்காயும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருவரும் விசா கேட்கமாட்டார்கள். ஒருவரும் கைரேகை எடுக்கமாட்டார்கள். 'உங்களைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை ஆதாரத்துடன் விளக்குக' என்று ஒரு படிவமும் வராது. நேரே சாப்பாடுதான்.

அப்பா லண்டனில் அந்தப் படிவங்களோடு மேசையில் குந்தியிருந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். எனக்கு அந்தக் கார்ட்டூன்கள் மாயாஜாலக் கதை மாதிரி இருந்தன. சோளம் கொடுத்த ஆட்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு கார்ட்டூனும் சொல்லவில்லை. அதற்குள் இருபத்திரண்டு நிமிஷம் முடிந்துவிடும். எல்லாரும் ஒரு நீள மேசையில் இருந்து பாட்டுப் பாடுவார்கள்.

அவற்றில் ஒன்று எனக்கு நல்ல பிடிப்பு. அதில் ஒரு தடித்த வான்கோழி. விருந்துக்குத் தன்னைத்தான் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஊரில் இருக்கும் ஒரேயொரு கோடரியைப் பூசணிக்காய்க் குவியலுக்குள் ஒளித்துவிடும். கோடரியைக் காணோம் என்று ஊரே தேடும். வான்கோழியும் ஒரு பக்கிள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூடச் சேர்ந்து தேடும். எல்லாரையும்விட மும்முரமாகத் தேடுவது அதுதான்.

தாங்ஸ்கிவிங் அன்று காலை சமையலறையில் அமளி. முதல்நாள்தான் குழந்தையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்திருந்தார்கள். அது முடிந்த கையோடு, குழந்தை பார்க்கவென்று சித்தப்பா தன் வேலையிடத்து ஆட்களையும் பக்கத்து வீட்டாரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டு இறாத்தல் வான்கோழியை முழுசாக ஓவன் அடுப்பில் வைக்கச் சொன்னார்கள். அம்மா அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி, யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டல் கறியாக்கத் தொடங்கினார். "முழுசா வைச்சா உப்புப் புளி உள்ளுக்குப் போகுமே?" என்றார். நியாயமான கேள்வி.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குச் சின்னம்மாவின் குரல் கேட்டது. "சாப்பிட்டாப் பிறகு எல்லாருக்கும் பிள்ளையின்ர சாமத்திய வீட்டு வீடியோவைப் போட்டுக் காட்டுவம் அக்கா. வெள்ளைக்காரருக்கும் எங்கட கலாசாரம் தெரியட்டும்."

கலாசாரம் என்பது நான் ஈரத்துணியோடு பிளாஸ்டிக் தொட்டியில் நடுங்கும் காட்சி. லண்டனில் ஒரு வருஷம் பொறுத்தேன். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள். இனி அமெரிக்கக் கண்டமும் பார்க்கப்போகிறது.

வெம்பிளியில் தமிழ்ப்படக் கசெட் வாடகைக்கு விட்ட கடைக்காரர் புண்ணியத்தில் எனக்கு ஒரு வித்தை தெரியும். கசெட்டின் முதுகில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எவரும் எதையும் பதியமுடியாது. ஆனால் உடைத்த ஓட்டையை மேலால் ஒட்டிவிட்டால் திரும்பவும் பதியலாம். குழந்தையின் மருந்துப் பெட்டியில் ஒரு பிளாஸ்டர் எடுத்தேன். ஒட்டினேன். கசெட்டைப் போட்டு, ரோஜாவும் இதயங்களும் கழிந்து, தொட்டி வருகிற இடத்துக்கு ஓடவிட்டேன். சனலில் வான்கோழிக் கார்ட்டூன் தொடங்கும் நேரம். சிவப்புப் பொத்தானை அமத்தினேன்.

அரைமணி நேரம், விளம்பரங்களோடு சேர்த்து. சின்னம்மாவின் நாலு வயதுக்காரியை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தேன். கார்ட்டூன் முடிந்து பெயர்கள் ஓடி ஓய்ந்ததும் நிற்பாட்டினேன். தொட்டி, குளிப்பு, சேலை உடுத்தல், ஊர்வலம் எல்லாம் போயிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். மிச்சம் இரண்டரை மணிநேரம் மண்டபமும் சாப்பாடும்தானே, அது கிடக்கட்டும் என்று தாராளமனதோடு விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து பேர் கதிரைகளில் இருந்தார்கள். பிரட்டல் கறியின் உறைப்பில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் முகம் இன்னும் சிவப்பாக இருந்தது. ரோஜா விரிந்தது. என் முகம் வந்தது. "சோ பியூட்டிஃபுல்" என்றார்கள். மேளச்சத்தம் எழும்பிற்று, மாமா தேங்காயோடு பின்வளவுக்கு வந்தார், திடீரென்று படம் ஒருதரம் கிழிந்து, தொப்பி போட்ட வான்கோழி பாடத் தொடங்கியது.

சின்னம்மா பாய்ந்துபோய்க் கொஞ்சம் முன்னுக்கு ஓட்டினார். வான்கோழி. இன்னும் கொஞ்சம் ஓட்டினார். பூசணிக்காய். "முழுக்கப் போச்சு" என்று அறிவித்துவிட்டுக் கசெட்டை வெளியே இழுத்தார். நாலு வயதுக்காரி மட்டும் கார்ட்டூன் வேண்டுமென்று கத்தினாள். அவளுக்காகக் கையில் அகப்பட்ட கசெட்டில் எல்லாம் கார்ட்டூன் பதிகிற பழக்கம் சித்தப்பாவுக்கு இருந்தது. அவர் எழும்பி நின்று, தலையில் கைவைத்து, "ஐயோ, நான்தான் போல" என்றார். மனிதருடைய நேர்மை எனக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது.

"பிள்ளையின்ர நல்லநாள் வான்கோழிக்குப் போச்சு" என்றார் அம்மா. எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் அழுதேன். மிகவும் நன்றாக அழுதேன். அந்த வருஷம் பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு மரம் வேஷம் தந்திருந்தார்கள், என் திறமை தெரியாமல்.

அப்போது அது பெரிய இழப்பாகவும் இல்லை, லண்டனில் எங்கள் பிரதி இருந்ததே. ஆனால் எங்கள் ஆட்களிடம் சாமத்திய வீட்டுக் கசெட் ஓரிடத்தில் தங்காது. "ஒருக்காப் பாத்திட்டுத் தாறம்" என்று லூயிஷாமிலிருந்து வந்த உறவுக்காரர் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்குப் போனதாகக் கேள்வி. பிறகு அதற்கு ஒரு முகவரியும் இல்லை. லண்டனை என்னைவிட என் சாமத்திய வீடு அதிகம் சுற்றிப் பார்த்திருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அப்பா இறந்தார். காலை ஷிப்டில், வேலையிடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. அதைப்பற்றி எனக்கு எழுத விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு வருஷத்துக்குள் அவருடைய குரல் எனக்கு மறந்துவிட்டது. இருமல் ஞாபகம் இருந்தது, வீட்டுத் திறப்புக் கொத்தை மேசையில் போடும் சத்தம் ஞாபகம் இருந்தது. குரல் போய்விட்டது. முகம் மறந்தால் படம் பார்க்கலாம். குரலுக்கு என்ன செய்வது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை அம்மா சொன்னார், "கொப்பர் அந்த வீடியோவில எங்கையோ கதைச்சவர். என்ன சொன்னவரெண்டு ஞாபகமில்லை. ஆனாக் கதைச்சவர்."

ஈஸ்ட் ஹாமில் தேடினார்கள், இல்லை. சின்னம்மாவுக்குப் போன் எடுத்தார்கள். "அது நிலவறையில ஏதோ பெட்டிக்குள்ள கிடக்கும் அக்கா, தேடட்டோ?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. அம்மா, "வேண்டாம், வான்கோழியைப் பாத்து நான் என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் போதும். 'அரைமணி நேரம்தான் அம்மா போனது, மிச்சம் அப்படியே இருக்கும்.' சொல்லவில்லை. அடிக்குப் பயந்தல்ல, பதினாறு வயதில் அடி விழாது. அப்பா கதைத்தது அந்த அரைமணி நேரத்துக்குள் இருந்தால்? தேடாதவரைக்கும் அது சித்தப்பாவின் பிழை. தேடி எடுத்துப் பார்த்து, அவர் அதில் இல்லையென்றால், அது என் பிழை. ஆகவே நானும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோடரியைக் காணவில்லையே என்று எல்லாரோடும் சேர்ந்து கவலைப்பட்டேன். இருபத்தாறு வருஷம்.

போன மாதம் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்று நிலவறையைத் துப்புரவாக்கத் தொடங்கினார். ஓய்வுபெற்ற ஆண்களால் குடும்பங்களுக்கு வரும் ஆபத்துகளில் இது முதலாவது. கசெட் அகப்பட்டது. லண்டனுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். மேலே ஒரு துண்டு: 'அக்கா, பழுதாக்கினதை என்னால் திருத்த முடியவில்லை. உங்கள் பொருள் உங்களிடம் இருக்கட்டும்.' அதை வாசித்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கசெட்டின் முதுகில் என் பிளாஸ்டர் அப்படியே ஒட்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு ஒட்டும் என்று அந்தக் கம்பனி விளம்பரம் செய்யலாம்.

என் வீட்டுக்காரர் எங்கோ விசாரித்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு நண்பரின் பரணிலிருந்து பழைய வீடியோ டெக் ஒன்று கொண்டுவந்தார். அமெரிக்கா சிஸ்டமும் ஓடும். கொடுத்தவர் ஒரேயொரு நிபந்தனை சொல்லிவிட்டிருந்தார். பழைய நாடா, முன்னுக்குப் பின்னுக்கு ஓட்டவேண்டாம், அறுந்துவிடும், போட்டால் போட்டபடி பாருங்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டு என் மகள் வந்ததும், நாலு மணிக்குக் கசெட்டைப் போட்டோம். தற்செயலாக அது நாலாவது வியாழக்கிழமை. அம்மாவுக்கு அது தற்செயலில்லை. "இண்டைக்கு அவர் எடுக்கேக்க, கிடைச்சது, பாத்தனாங்கள் எண்டு சொல்லவேணும்" என்றார்.

ரோஜா விரிந்தது. என் மகளுக்கும் இப்போது பன்னிரண்டு வயது. ரோஜாவுக்குள்ளிருந்து வந்த என் முகத்தைப் பார்த்து அவள் சோபாவிலிருந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, எனக்கு உது செய்தா நான் வீட்டை விட்டுப் போயிருவன்" என்றாள். அவளுக்குச் செய்வதாக எனக்கு உத்தேசமில்லை. இருந்தாலும் அந்த மிரட்டலில் எனக்கு என் பிள்ளைமேல் பெருமை வந்தது.

தேங்காயோடு மாமா வந்தார். படம் கிழிந்தது. வான்கோழி வந்தது.

ஓட்டமுடியாதபடியால் மூன்று தலைமுறையும் இருந்து கார்ட்டூன் பார்த்தோம். அம்மா அதை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். "பாவம், உந்தச் சீவனுக்கு எவ்வளவு நெருக்கடி" என்றார். மகள், "அந்த நேட்டிவ் ஆக்களுக்கு ஏன் ஒருத்தருக்கும் கதையில்லை? சும்மா சோளம் தூக்கிக்கொண்டு நிக்கினம்" என்று கேட்டாள். பதின்மூன்று வயதில் எனக்குத் தோன்றாத கேள்வியை அவள் பத்து நிமிஷத்தில் கேட்டாள். விளம்பரங்கள் வந்தன. இன்றைக்கு இல்லாத கார்கள், இன்றைக்கு இல்லாத கடைகள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அம்மா பெருமூச்சு விட்டார். "போதும், நிப்பாட்டு. முழுக்க உதுதான். கொப்பர் போனவர் போனவர்தான்."

மகள் எழும்பிப் போய்ப் பொத்தானில் கை வைத்தாள்.

"நிப்பாட்டாதை" என்றேன். "இன்னும் எட்டு நிமிசம்தான் இருக்கு."

மகள் கையை எடுத்தாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எட்டு நிமிசமெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

பொய் சொல்ல எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருந்தது. அது உதவவில்லை. "நான்தான் அம்மா பதிஞ்சனான்" என்றேன். "சித்தப்பா இல்லை. தொட்டியில இருக்கிறதை அவையளுக்குக் காட்டப்போறியள் எண்டு கேட்டிட்டுச் செய்தனான். கார்ட்டூன் முடிய நிப்பாட்டினனான். அங்கால எல்லாம் இருக்கும். அப்பா இருக்கிறாரோ தெரியாது."

திரையில் கோடரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வான்கோழி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஊராரின் முன்னால் தலைகுனிந்து, ஒளித்தது நான்தான் என்று சொன்னது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து வேறொரு நாளில் நான் சிரித்திருப்பேன். கார்ட்டூனில் மன்னிப்புக்கு ஒன்றரை நிமிஷம்தான் எடுத்தது. பிறகு எல்லாரும் பூசணிக்காய் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அந்த எட்டு நிமிஷம் போல நீளமான நேரத்தை நான் பிரசவ அறையில்கூடக் காணவில்லை.

பாட்டு முடிந்தது. பெயர்கள் ஓடின. திரை ஒருதரம் கறுத்து, கோடுகோடாகக் கிழிந்து, மேளச்சத்தம் வந்தது. மண்டபம். நான் பட்டுச்சேலையில், சீமெந்து மூட்டை மாதிரி மேடைக் கதிரையில். இரண்டு பெண்கள் ஆராத்தி எடுத்தார்கள். அம்மா மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

கமெரா மேடையிலிருந்து இறங்கிற்று. வரிசைகள், வாழையிலைகள், எனக்குப் பெயர் மறந்துபோன முகங்கள். பின்பக்கத்தில் சாம்பார் வாளியோடு ஒரு முதுகு. கமெரா கிட்டப் போனது. முதுகு திரும்பியது.

அப்பா. நான் நினைத்ததைவிட மெல்லிசு. நான் இப்போது இருப்பதைவிட இளமை. ஒரு கையில் வாளி. மற்றக் கையை நீட்டிக் கமெராவை மறைத்தார். திரை முழுக்க அவருடைய உள்ளங்கை. அந்தக் கைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, என்னை எடுக்காதையும். பிள்ளையை எடும். அவ இண்டைக்கு வடிவா இருக்கிறா."

கமெரா சொன்னபடி திரும்பி, மண்டபம் முழுவதையும் தாண்டி, தூரத்தில் மேடையில் முகத்தை நீட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றது. பிறகு அப்பா எங்கும் இல்லை.

மெல்லிய குரல். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் குரல். இந்தக் குரலை எப்படி மறந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் என் முதுகில் கை வைத்தாள். அதன் பிறகுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. இந்த முறை நடிக்கவில்லை.

"அறுந்தாலும் பறவாயில்லை," என்றார் அம்மா, "திருப்பிப் போடு."

அறவில்லை. மூன்று தரம் போட்டோம். மூன்றாந்தரம் மகள் தன்னுடைய போனில் அதைப் பதிந்துகொண்டாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இருபத்தாறு வருசம்" என்றார். அப்பா போன பிறகான வருஷங்களை மட்டும்தான் அவர் எண்ணினார். தொட்டிக்கும் வான்கோழிக்கும் என்னை அப்போதே மன்னித்துவிட்டார். மற்றதுக்கு மன்னிக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. அது நியாயம்தான்.

சரியாக ஐந்து மணிக்குப் போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். சித்தப்பா சுகம் விசாரித்தார், மழையை விசாரித்தார், தொண்டையைச் செருமினார்.

"அக்கா, அந்தக் கசெட் விசயம்..."

"தம்பி, இனி நீங்கள் உதைக் கேக்கத் தேவையில்லை" என்றார் அம்மா. "கேக்க வேண்டிய ஆள் இஞ்ச இருக்கிறா. குடுக்கிறன்."

போனை என் கையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டரையும் சொன்னேன். மறுபக்கத்தில் சின்னம்மா தூரத்தில் ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. சித்தப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். முப்பது வருஷ வட்டியோடு திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

"அப்ப அது நானில்லையா பிள்ளை?" என்று கேட்டார். பிறகு இன்னும் மெதுவாக, "அண்ணை அதில கதைக்கிறாரோ? என்ன சொல்லுறார்?"

"'என்னை எடுக்காதையும்' எண்டு சொல்லுறார் சித்தப்பா" என்றேன்.

அதோடு நிறுத்தினேன். சித்தப்பா காத்துக்கொண்டிருந்தார். அம்மா கதிரையிலிருந்து என்னைப் பார்த்தார்.

"முழுக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.